மோதலே இல்லாத பிளாஸ்மாவில் அலை எப்படித் தணிகிறது?

கேள்வி (முதுகலை மாணவன்):
பிளாஸ்மாவில் (எலக்ட்ரான்களும் அயனிகளும் பிரிந்து திரியும் வாயுவில்) துகள்களின் பரவலும் மின்புலமும் ஒன்றையொன்று மாற்றுவதை விவரிக்கும் வ்ளாசோவ்–பாய்சான் சமன்பாட்டைப் படித்து வருகிறேன். எலக்ட்ரான்களுக்கு இடையிலான மோதல்களைக் கணக்கில் கொள்ளாத இச்சமன்பாட்டில் காலத்தைப் பின்னோக்கி ஓட்டினாலும் வடிவம் மாறுவதில்லை, ஒழுங்கின்மையின் அளவான என்ட்ரோபியும் கூடுவதில்லை. ஆயினும் மின்புல அலை தணிந்துவிடும் என்று 1946-இல் இயற்பியலாளர் லாண்டாவ் காட்டினார். அவருடைய லாப்லாஸ் உருமாற்றக் கணக்கை வரி வரியாகப் போட்டுப் பார்த்தேன், விடையும் வருகிறது. தணிந்த அலை எங்கே போகிறது என்பதுதான் பிடிபடவில்லை. மோதல்தான் காரணம் என்று வகுப்பில் சொன்னார்கள்.

மறுமொழி 1:
வகுப்பில் சொன்னது தவறு. மின்புலத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, துகள்கள் தத்தம் வேகத்தில் நேராகச் செல்வதாக மட்டும் கொள்ளுங்கள். தொடக்கத்தில் அடர்த்தி அலை எண் 1 உடைய கொசைன் வடிவிலும், வேகங்கள் திட்டவிலக்கம் 1 உடைய காஸியன் வடிவிலும் இருந்தால், காலம் 3 அலகு ஆகும்போது அடர்த்தி அலையின் உயரம் தொடக்கத்தில் இருந்ததில் ஏறத்தாழ 1.1 சதவீதமே. ஆனால் எந்த இடத்தில், எந்த வேகத்தில் எத்தனை துகள்கள் என்று சொல்லும் பரவல் சார்பின் அலைவு துளியும் குறையவில்லை. அது வேக அச்சில் மேலும் மேலும் நெருக்கமான வரிகளாக மடிந்துகொண்டே போகிறது, அடர்த்திக்காக வேகங்கள் அனைத்தின் மீதும் தொகையிடும்போது அவ்வரிகள் ஒன்றையொன்று நீக்கிவிடுகின்றன. மின்புலத்தைச் சேர்த்தால், அலையின் வேகத்தை ஒட்டிச் செல்லும் துகள்களின் இயக்க ஆற்றலாகப் புலத்தின் ஆற்றல் மாறுகிறது. மால்ம்பெர்க்கும் வார்ட்டனும் 1964-இல் இத்தணிவைச் சோதனையிலேயே அளந்தார்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் மடிந்து கிடக்கும் அந்தத் தகவலை மீண்டும் வெளியே கொண்டுவர முடியுமா? லாண்டாவின் கணக்கோ நேரியல் தோராயம், அதாவது மிகச் சிறிய அலைவுகளுக்கானது. முழுச் சமன்பாட்டுக்கும் அது நிற்குமா?

மறுமொழி 2:
முடியும், அதற்குப் பிளாஸ்மா எதிரொலி என்று பெயர். ஒரு துடிப்பைக் கொடுத்து, அது தணிந்தபின் இரு மடங்கு அலை எண்ணுடன் இன்னொரு துடிப்பைக் கொடுத்தால், இரண்டும் ஓய்ந்த பிறகு, முதல் துடிப்பிலிருந்து கணக்கிட்டால் துடிப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தைப் போல இரு மடங்கு காலத்தில், யாரும் தூண்டாமலே மூன்றாவது அலை எழும். இதுவும் 1968-இல் சோதனையில் காணப்பட்டது.

முழுச் சமன்பாட்டுக்கான நிறுவலில் இடறலாக நின்றதும் இந்த எதிரொலிதான், ஏனெனில் ஓர் எதிரொலி அடுத்ததைத் தூண்டி, சங்கிலியாக வளர்ந்துவிடக்கூடும். சீரான, நிலைத்த சமநிலைக்கு மிக அருகில், பகுமுறைச் சார்பாக (அடுக்குத் தொடராக விரிக்கக்கூடிய, மிகச் சீரான சார்பாக) அமைந்த தொடக்க நிலைகளுக்குத் தணிவு மெய்யென்று கணிதவியலாளர்கள் க்ளெமோன் மூஓவும் செட்ரிக் வில்லானியும் 2011-இல் வெளியான 170 பக்கங்களுக்கு மேற்பட்ட கட்டுரையில் நிறுவினார்கள். முந்தைய ஆண்டு ஹைதராபாத்தில் வில்லானிக்குக் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் வழங்கப்பட்டபோது குறிப்பிடப்பட்ட பணிகளில் இதுவும் ஒன்று.

மறுமொழி 3:
ஒரு திருத்தம்: பகுமுறைத் தன்மை கட்டாயமன்று. பெட்ரோசியன், மஸ்மூதி, மூஓ ஆகிய மூவரும் 2016-இல் அந்த நிறுவலைச் சுருக்கி, பகுமுறையைவிடத் தளர்ந்த ஜெவ்ரே வகைச் சார்புகளுக்கும் (எத்தனை முறையும் வகையிடலாம், ஆனால் அடுக்குத் தொடராக விரியத் தேவையில்லை) விரித்தார்கள். ஆனால் விரும்பிய அளவுக்குத் தளர்த்திவிட முடியாது. வரம்புள்ள எண்ணிக்கையிலான வகைக்கெழுக்களை மட்டும் கட்டுப்படுத்தினால் போதாது என்பதை, ஈர்ப்பு விசைக்கான இதே சமன்பாட்டில் எதிரொலிகளை அடுக்கடுக்காக எழுப்பிப் பெட்ரோசியன் பின்னர் காட்டினார். கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: எதிரொலி எழும் காலத்தை, மின்புலம் இல்லாத நிலையில் இரண்டாம் படி வரை விரித்து நீங்களே கணக்கிடுங்கள், ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும்.