டோட் படுத்துவிட்டால்: பூலுக்குள் போன சீட்டு எது, போகாதது எது?

கவுன்டர்_14

குதிரைப் பந்தய டோட் ஹால். டோட் என்றால் எல்லோர் பணத்தையும் பூல் என்ற ஒரே தொகையில் சேர்த்து, கழிவு போக மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிக்கும் கணினி ஏற்பாடு. ஐந்தாவது ரேஸ். ஆஃபுக்கு, அதாவது குதிரைகள் கிளம்ப, இரண்டே நிமிடம். ஹாலில் விளக்கு ஒரு கணம் அணைந்து எரிந்தது, அவ்வளவுதான். பிரிண்டர்கள் சீட்டைப் பாதி தள்ளிவிட்டு நின்றுபோயின. வின் என்ற பந்தய வகை, குதிரை எண், தொகை எல்லாம் தெரிகிறது. கீழே வர வேண்டிய சீரியல் எண்ணும் பார்கோடும் இல்லை. சீட்டு அடிக்கும் டெர்மினல் மறுபடி எழுந்து லாகின் கேட்டுத் தயாராவதற்குள் கேட் திறந்துவிட்டது. ஜெயித்தது சீட்டில் இருந்த அதே எண்!

எந்த ரேஸ்கோர்ஸ் என்பது வேண்டாம், தெற்கே ஒன்று. பார்கோடு இல்லாத சீட்டு செல்லாது என்று பலகையில் எழுதியிருக்கிறது, அது தெரியும். கேள்வி வேறு. அந்தப் பந்தயம் பூலில் சேர்ந்ததா இல்லையா? இப்படிப் பாதிச் சீட்டு பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பூல்_கணக்கு

சேர்ந்திருக்கும். விற்பனை நடக்கும் வரிசையைப் பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் டெர்மினல் பந்தயத்தைச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் முதலில் தன் பதிவேட்டில் எழுதும், பிறகு பூலில் கூட்டும், பிறகு சீரியல் எண் போட்டுத் திருப்பி அனுப்பும். அது வந்த பிறகுதான் பிரிண்டர் அசையும். ஆக, குதிரை எண் அச்சாகியிருந்தால் பந்தயம் உள்ளே. சர்வர் அறைக்கு யுபிஎஸ் இருந்திருக்கும், ஹாலுக்கு மிச்சம் பிடித்திருப்பார்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ள 10, 15 விநாடி ஆகும். டெர்மினல் செத்துப் பிழைக்க அது போதும்.

இதைவிடத் தொல்லை, சீட்டே வராத கேஸ். பந்தயம் சர்வருக்குப் போய்விட்டது, பதில் வரும் வழியில் லிங்க் அறுந்தது. திரையில் 'தொடர்பு இல்லை' என்று வரும். வரிசையில் இருபது பேர் கத்தும்போது விற்பவர் என்ன செய்வார்? மறுபடி அழுத்துவார். பூலில் இரண்டு பந்தயம், கையில் ஒரு சீட்டு. நல்ல சிஸ்டமாக இருந்தால் ஒவ்வொரு விற்பனைக்கும் டெர்மினலே ஒரு வரிசை எண் வைத்து அனுப்பும். அதே எண் இரண்டாம் முறை வந்தால் சர்வர் புதிதாகக் கூட்டாது, பழைய சீட்டையே திருப்பி அனுப்பும். இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் 'கடைசிச் சீட்டு' விசாரிக்காமல் இரண்டாம் முறை அழுத்தவே கூடாது.

ரேஸ்புக்_மூலை

பூல்_கணக்கு சார், இவ்வளவு அடித்துச் சொல்லாதீர்கள். இரண்டு ஓட்டை இருக்கிறது.

முதலாவது, சில பழைய டெர்மினல்கள் நேரம் மிச்சம் பிடிக்கப் பதிலுக்குக் காத்திருக்காமல் மேல்பாதியை அச்சடித்துவிடும். கோர்ஸ் பெயர், தேதி, ரேஸ் எண், ஏன், பந்தய விவரம் வரைகூட. சீரியலும் பார்கோடும் மட்டும்தான் சர்வர் பதில். அந்த மாடலாக இருந்தால் பாதிச் சீட்டு எதற்கும் சாட்சி இல்லை.

இரண்டாவது, சர்வரும் சேர்ந்து விழுந்திருந்தால்? மாற்றுச் சர்வர் எழுந்து நிற்கும், சரி. ஆனால் முதன்மைச் சர்வர் எழுதியதெல்லாம் அதற்கு அந்தந்த நொடியே போய்ச் சேர்ந்ததா? ஒன்றிரண்டு விநாடி பின்தங்கும் அமைப்புகள் உண்டு. காலையில் இரண்டு விநாடி ஒன்றுமில்லை. ஆஃபுக்கு முந்தைய இரண்டு நிமிடத்தில்தான் பெரும்பகுதிப் பணமே விழுகிறது. அப்போது இரண்டு விநாடி என்றால் ஒரு கட்டுச் சீட்டு.

காணாமல் போனால் யார் தலையில் விழும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. பூலில் 1,00,000 ரூபாய், கழிவு 20 சதவீதம், ஜெயித்த குதிரை மேல் 20,000. மிச்சம் 80,000, அதை 20,000-ஆல் வகுத்தால் 4. பத்து ரூபாய்க்கு 40. இப்போது 10,000 ரூபாய்ச் சீட்டு வெளியே இருக்கிறது, பூலில் இல்லை, அதில் 4,000 ஜெயித்த குதிரை மேல் என்று வையுங்கள். அவர்களும் 40 கேட்டு வருவார்கள். கொடுக்க வேண்டியது 96,000. உண்மையான மொத்தம் 1,10,000, கழிவு போக 88,000. டோட் நடத்தும் கிளப்புக்கு 8,000 துண்டு விழும். ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் டிவிடெண்ட், அதாவது பத்து ரூபாய்க்குக் கிடைப்பது, 36 சொச்சம்தான்.

தலைகீழாகப் பாருங்கள், இரட்டைப் பதிவு. அதே 4,000 ஜெயித்த குதிரை மேல் பேயாக ஏறியது. பூல் 1,04,000, கழிவு போக 83,200, வகுக்க 24,000. டிவிடெண்ட் 34 சொச்சம். 40 வாங்க வேண்டியவன் 34 வாங்கிக்கொண்டு போவான், ஏன் என்றே தெரியாது. பேய்ச் சீட்டை யாரும் நீட்டப்போவதில்லை, அந்தப் பணம் 'கேட்கப்படாத தொகை' கணக்கில் கிடக்கும். முதல் கேஸில் கிளப் அலறும், இரண்டாவதில் சத்தமே வராது. அதனால் இரண்டாவதை நான் அதிகம் பயப்படுவேன்.

மெல்பர்ன்_மேற்கு

நீங்கள் சீட்டில் பாதி என்கிறீர்கள். இங்கே சீட்டே இல்லாத கதை. 2020 நவம்பர் 7, மெல்பர்ன் கப் வாரத்தின் கடைசி நாள், ஃப்ளெமிங்டன் ரேஸ்கோர்ஸ். கோவிட் ஆண்டு என்பதால் மைதானத்தில் பார்வையாளர் கிடையாது, பணம் முழுக்க ஆப், போன், கடை வழியேதான். டேப்கார்ப் கம்பெனி நடத்தும் டிஏபி என்ற பந்தய சிஸ்டம் விழுந்தது. சுமார் 36 மணி நேரம். காரணம் என்று வந்தது, சிட்னியில் வேறொரு நிறுவனத்தின் டேட்டா சென்டரில் நடந்த தீச் சம்பவம். டிவியில் குதிரைகள் கேட்டுக்குள் ஏறுகின்றன, ஓடுகின்றன, பெயர் சொல்லிக் கத்துகிறார்கள். போன் திரையில் மட்டும் சக்கரம் சுற்றுகிறது. காலையிலேயே போட்டு வைத்தவன் தன் பந்தயம் நிற்கிறதா என்றுகூடப் பார்க்க முடியாது.

யாரும் பேசாத ஒன்று. இங்கே மற்ற கம்பெனிகள் 'டோட் கொடுக்கும் டிவிடெண்டையே கொடுக்கிறோம்' என்றும் பந்தயம் வாங்கும். தங்கள் சர்வர் நன்றாக ஓடினாலும் அளவுகோல் அடுத்தவன் கையில். டோட் பூல் ஒழுங்காக நடக்கவில்லை என்றால் எதை வைத்துக் கொடுப்பது? விதிப் புத்தகத்தில் மாற்று எழுதியிருப்பார்கள், ரேஸ் கிளம்பும் நேரத்து விலை என்றோ வேறொரு பூல் என்றோ. பந்தயம் போடும் முன் அந்த ஒரு பத்தியைப் படிப்பவன் எவன்?

அபராதமும் விழுந்தது. விக்டோரியாவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் 2023-இல் 10 லட்சம் டாலர் போட்டது. அதுவும் சிஸ்டம் விழுந்ததற்காக இல்லை. என்ன நடந்தது என்று கேட்ட விவரங்களைச் சரியாகக் கொடுக்காததற்கு.

குளிர்அறை

தீ என்றதும் எரிந்துபோனது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டேட்டா சென்டரில் நெருப்பைவிட நெருப்பணைப்பு அதிகம் கெடுக்கும். புகை உணரி அடித்தால் சில இடங்களில் மின்சாரம் தானாகவே துண்டிக்கப்படும். வாயு பீய்ச்சும் குழாய்களின் சத்தமே சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கெடுத்துவிடும். 2016 செப்டம்பரில் புகாரெஸ்டில் ஐஎன்ஜி வங்கி நெருப்பே இல்லாமல் வெறும் ஒத்திகைக்கு வாயுவைத் திறந்தது, சத்தத்தில் டிஸ்க்குகள் கெட்டன, ஏடிஎம் உட்பட வங்கியின் சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. சிட்னியிலும் இதுதான் என்று சொல்லவில்லை.

மெல்பர்ன் நண்பரே, 36 மணி நேரம் எதற்கு என்பதுதான் கேள்வி. மாற்று இடத்தில் பெட்டி இருப்பது வேறு, அதை ஓட்டத் தெரிவது வேறு. டோட்டில் கூடுதல் சிக்கல், பாதியில் நிற்கும் ரேஸ். பூல் திறந்திருக்கும்போது விழுந்ததா, மூடிய பிறகா, முடிவு வந்து டிவிடெண்ட் போடும் முன்பா? ஒவ்வொன்றுக்கும் மீட்கும் முறை வேறு. பத்து கோர்ஸ், ஒவ்வொன்றிலும் எட்டு ரேஸ், ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டுப் பூல். அவசரப்பட்டுத் திறந்தால் இரண்டு சர்வரும் 'நான்தான் தலைமை' என்று தனித்தனியாக விற்கத் தொடங்கும். அதற்குப் பிறகு கணக்கை எந்தக் கொம்பனாலும் ஒட்ட முடியாது.

நான்காவது_லெக்

லிங்க் அறுந்தால் என்ன என்று யாரும் தொடவில்லையே. ரேஸ் நடக்கும் கோர்ஸ் ஒரு இடம், விற்கும் மையம் வேறு இடம். மையத்தின் தொகை ஆஃப் ஆனதும் கோர்ஸில் இருக்கும் தாய் பூலில் கலக்க வேண்டும். கலக்கும் முன் லிங்க் போனால் மூன்று வழி: அந்த மையத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுப்பது, தனிப் பூலாக்கித் தனி டிவிடெண்ட் போடுவது, அல்லது தாய் டிவிடெண்டையே கொடுத்து லாப நஷ்டத்தை மையம் தாங்குவது. எது என்று முன்கூட்டியே விதியில் இருக்க வேண்டும். ரேஸ் முடிந்த பிறகு முடிவு செய்தால் கல் பறக்கும்.

தாமதமாகக் கலப்பதில் இருக்கும் ஆபத்துக்கு 2002 அக்டோபர் 26, அமெரிக்காவின் ஆர்லிங்டன் பார்க், பிரீடர்ஸ் கப். ஆறு ரேஸ் ஜெயிப்பவர்களைச் சொல்ல வேண்டிய பிக் சிக்ஸ். எல்லா மையத்துச் சீட்டையும் உடனே அனுப்பினால் பாரம் அதிகம் என்று, நான்காவது லெக், அதாவது அந்த ஆறில் நான்காவது ரேஸ், முடிந்து உயிரோடு இருக்கும் சீட்டுகளை மட்டும் அனுப்புவார்கள். அதுவரை விவரம் மையத்துக் கணினியில்தான். டோட் கம்பெனியிலேயே வேலை பார்த்த புரோகிராமர் அந்த இடைவெளியில் நுழைந்து, முதல் நான்கு லெக்கை ஓடி முடிந்த முடிவுக்கு ஏற்ப மாற்றினான். ஐந்திலும் ஆறிலும் எல்லாக் குதிரையும் போட்டாகிவிட்டது. கடைசி ரேஸில் 43-க்கு 1 விலையில் வோல்போனி வந்தது. ஜெயித்த சீட்டு நாடு முழுக்க ஆறே ஆறு, ஆறும் ஒரே ஆளின் பந்தயம், சீட்டுக்கு 4,28,392 டாலர். முதல் நான்கில் ஒரே ஒரு குதிரை, கடைசி இரண்டில் எல்லாம் என்ற அந்த விசித்திர வடிவம்தான் காட்டிக்கொடுத்தது. பலரும் பணம் கட்டிய ஃபேவரிட் ஜெயித்திருந்தால் ஜெயித்தவர்கள் கூட்டத்தில் அதுவும் கரைந்திருக்கும்.

இது பழுது இல்லை, திருட்டு என்பீர்கள். ஓட்டை ஒன்றுதான். காகிதத்துக்கும் பூலுக்கும் நடுவே நேரம் விட்டால் அங்கே பழுதும் நுழையும், ஆளும் நுழைவான்.

பழைய_டோட்

எல்லோரும் சர்வர் பேசுகிறீர்கள். பந்தயம் போடுகிறவனுக்கு நாலு வார்த்தை சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

சீட்டு கைக்கு வந்ததும் ஜன்னலை விட்டு நகராமல் ரேஸ் எண், குதிரை எண், தொகை, பார்கோடு பாருங்கள். பிறகு போனில் ஒரு படம். சீட்டு வெப்பத்தில் கறுக்கும் காகிதம். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் கறுத்துவிடும், லேமினேட் செய்தால் முழுக்கக் கறுத்துவிடும். அப்படிச் செய்து கொண்டுவந்த மகானுபாவர்கள் உண்டு. சிஸ்டம் விழுந்தால் பாதிச் சீட்டை ஜன்னலில் திருப்பிக் கொடுக்காதீர்கள். கேட்டால் ஒப்புகை எழுதி வாங்குங்கள். ஜன்னல் எண், நிமிடம், கொடுத்த நோட்டு எவ்வளவு, மூன்றும் வேண்டும். பணம் திரும்பக் கிடைத்தால் கட்டிய ஜிஎஸ்டியும் சேர்ந்து வந்ததா என்று எண்ணுங்கள்.

பலகையில் விலை மாறாமல் ஒரு நிமிடம் நின்றால் அது நிலவரம் இல்லை, உறைந்த படம். ஆஃபுக்கு மூன்று நிமிடம் இருக்கையில் விலை அசையாமல் இருக்காது. அந்த நேரத்தில் டோட் விலையை நம்பி, தானே விலை சொல்லிப் பந்தயம் வாங்கும் புக்கியிடம் பேரம் பேசாதீர்கள், புக்கி அதை உங்களுக்கு முன்பே கவனித்திருப்பார். ஜாக்பாட் போடுகிறவர்கள் முதல் லெக்குக்குப் பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுங்கள். ஐந்து லெக் சேர்க்கைச் சீட்டை அடிக்க நேரம் பிடிக்கும், கடைசி நிமிடத்தில் அடித்துத் தப்பானால் ரத்து செய்யவும் நேரம் இராது.

ஜன்னலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு: விழுந்த நொடியில் பெட்டியை மூடுங்கள், பணத்தை எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். டெர்மினல் எழுந்ததும் முதல் வேலை விற்பனை இல்லை, கடைசிச் சீட்டு எண்ணையும் இதுவரை விற்ற மொத்தத்தையும் எடுப்பது. கையால் சீட்டு எழுதிக் கொடுக்க யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். கையால் விற்ற காலத்தில் குதிரைக்கு ஒரு கட்டு, அச்சடித்த எண்ணோடு இருந்தது. ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் கழித்தால் விற்பனை வந்துவிடும். இப்போது அந்தக் கட்டும் இல்லை, எண்ணும் ஆளும் இல்லை. 1913-இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லியில் ஜார்ஜ் ஜூலியஸ் நிறுவிய முதல் தானியங்கி டோட்டுக்கு மின்சாரமே கிடையாது, எடைக்கல்லும் பியானோக் கம்பியும்தான். அதில் எது சிக்கினாலும் கண்ணுக்குத் தெரியும்.

கவுன்டர்_14

பழைய_டோட் அண்ணே, கேட்காமல் சொன்னாலும் உபயோகம். ஜன்னல்வாரியாகச் சர்வர் பதிவேட்டை எடுத்துப் பாதிச் சீட்டுகளோடு பொருத்தியபோது பெரும்பாலானவை நிமிடமும் தொகையும் சரியாக உட்கார்ந்தன. பூல்_கணக்கு சொன்னது போல. இரண்டு மட்டும் பதிவேட்டில் இல்லை. இரண்டுமே மூலையில் இருந்த பழைய மாடல் டெர்மினல்களில் அடித்தவை. அந்த ஜன்னல்களில் பெட்டியில் பணம் அதே அளவு அதிகமாக இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிவிடெண்ட் இல்லை.

குளிர்அறை

கொடுக்கவும் முடியாது, பூலில் இல்லாத பந்தயம் அது. யுபிஎஸ் வைத்தார்களா?

கவுன்டர்_14

இரண்டு டெர்மினலுக்கு ஒன்று. அடுத்த வாரமே யாரோ அதில் ஆபீஸ் லேசர் பிரிண்டரைச் சொருகி வைத்திருந்தார்கள். அது சூடேறும்போது யுபிஎஸ் கத்துகிறது.