கருத்துக்கேட்புக் கூட்டத்துல மைக் கைக்கு வந்தா குரல் நடுங்குது, எப்படித் தயாராகறது?

எர்ணாவூர்வாசி:
அடுத்த மாசம் எங்க ஏரியாவுல ஒரு ஆலை விரிவாக்கத்துக்குக் கருத்துக்கேட்பு இருக்கு. தெரு சார்பா நான்தான் பேசணும். சாம்பல், குடிதண்ணி, முகத்துவாரம்னு சொல்ல நிறைய இருக்கு. ஆனா கூட்டத்தைப் பாத்தாலே வாய் காஞ்சுடுது, கையில பேப்பர் ஆடுது. வழி சொல்லுங்க.

மேடைப்பேச்சு:
நடுக்கத்தை அடக்கப் பாக்காதீங்க. அது அட்ரினலின் வேலை. ஆரம்பத்துலதான் உச்சத்துல இருக்கும், பேசப் பேச இறங்கும். அந்த ஆரம்பத்தைத் தாண்ட முதல் 2 வரியை மட்டும் மனப்பாடம் பண்ணுங்க: பேரு, தெரு, ஆலையிலேர்ந்து எவ்வளவு தூரம், திட்டம் வேணுமா வேணாமா. முழுசா மனப்பாடம் பண்ணா ஒரு சொல் விட்டாலும் மொத்தமும் அறுந்துடும்.

ஏ4 தாள் வேணாம், லேசான நடுக்கத்தையும் பெருசாக் காட்டும். போஸ்ட் கார்டு அளவு கெட்டி அட்டை, அதுல 3 பாயிண்ட், பெரிய எழுத்து. "மாசு ஜாஸ்தி"ன்னு பொதுவாச் சொன்னா யாரும் பதில் சொல்லத் தேவையில்ல. "சுற்றுச்சூழல் தாக்க வரைவு அறிக்கையில இத்தனாம் பக்கத்துல இருக்கிற வரைபடத்துல எங்க தெருவே இல்ல, ஏன்?"னு கேளுங்க. பதில் சொல்லியே ஆகணும். பக்க எண் கையில இருந்தா குரலும் தானா நிமிரும், இதை நான் ரொம்ப நம்பறேன்.

ஒத்திகை நின்னுகிட்டு, சத்தமா, 3 நிமிஷம். கண்ணாடி முன்னாடி வேணாம், எதிர்ல 2 பேரை உக்கார வைங்க. ஒருத்தர் நடுவுல குறுக்கிடணும். 1 நிமிஷ வடிவமும் தயாரா இருக்கட்டும், "சீக்கிரம் முடிங்க"ன்னு சொல்லிடுவாங்க. பேர் கூப்பிடறதுக்கு முன்னாடி 4 எண்ணி மூச்சை இழுத்து 6 எண்ணி விடுங்க, அஞ்சு தடவை. வெதுவெதுப்பான தண்ணி 2 மடக்கு. டீ வேணாம்.

மைக்செட்_தண்டையார்பேட்டை:
மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளி, லேசா சாய்ச்சுப் பிடிங்க. நேரா ஊதுற மாதிரி வெச்சா "ப" சொல்லும்போதெல்லாம் டொப்புன்னு அடிக்கும். வலைத் தலையைக் கையால மூடாதீங்க, ஸ்பீக்கர் பாக்ஸ் முன்னாடி போய் நிக்காதீங்க. ரெண்டுலயும் ஊளை கிளம்பும், அந்தச் சத்தத்துலயே பாதிப் பேருக்குப் பேச்சு மறந்துடும். முழங்கையை விலாவோட ஒட்டி வெச்சா கை ஆடறது குறையும். உங்க குரல் பாக்ஸ்லேர்ந்து கொஞ்சம் தாமதமாத் திரும்பி வரும். அதைக் கேட்டா நாக்கு தடுமாறும், எதிர்ல இருக்கிற முகத்தைப் பாத்துப் பேசிட்டே போங்க.

எர்ணாவூர்வாசி:
நன்றிண்ணா. நடுவுல ஆளுங்க கத்தினா?

மேடைப்பேச்சு:
குரலை ஏத்திப் போட்டி போடாதீங்க, தொண்டை கட்டிக்கும். நிறுத்துங்க. மைக்கை விடாம, தலைமை தாங்கற கலெக்டரையோ அவர் பிரதிநிதியையோ பாத்து, "ஐயா, நான் இன்னும் முடிக்கல, பதிவாகணும்"னு சொல்லுங்க. விட்ட பாயிண்ட்டோட முதல் வரியிலேர்ந்து தொடங்குங்க.

இந்த மாதிரி கருத்துக்கேட்புக்கான விதி, மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில இருக்கு. அதுப்படி கூட்டம் முழுக்க வீடியோ எடுக்கணும். வந்திருக்கிற எல்லாருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்பு தரணும். அதனால நீங்க பேசறது கத்தறவங்களுக்கு இல்ல, அந்தப் பதிவுக்கு. அதே பாயிண்ட்டை எழுதியும் 2 பிரதி கொண்டு போங்க. ஒண்ணு கொடுத்துட்டு இன்னொண்ணுல கையெழுத்து, தேதி வாங்குங்க. பேசினதும் கிளம்பிடாதீங்க. கடைசியில நடவடிக்கைச் சுருக்கத்தைத் தமிழ்ல படிப்பாங்க. உங்க கேள்வி அதுல விட்டுப்போயிருந்தா அங்கேயே எழுந்து சொல்லுங்க.