நீர்போக விதைப்புக்கு ஒரே தேதி வைக்க முடியுமா?

புதுத்தோட்டம்:
உதகை தலைக்குந்தா பக்கத்தில் முப்பது சென்ட் நிலத்தில், முதன்முறையாக நீர்போகத்துக்கு (ஆண்டுத் தொடக்கத்தில் பாசன நீரை நம்பி விதைக்கும் போகம்) உருளைக்கிழங்கும் பீன்ஸும் போடவிருக்கிறேன். பொங்கலுக்கு முன்பே விதைக்கலாம் என்கிறார் ஒருவர். மாசி பிறக்கும்வரை மண்வெட்டியைத் தொடாதே என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

கேத்திப்பள்ளம்:
மாசி பிறந்த பிறகே விதையுங்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று முன்னோர் சும்மா சொல்லவில்லை. நவம்பரில் நீர்ப்பனியாகத் தொடங்குவது டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக முற்றி, சில ஆண்டுகளில் பிப்ரவரியிலும் விடாமல் கொட்டுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் தை மாத நடுவில், இரண்டு இலை விட்டு நின்ற என் பீன்ஸ் முழுவதும் ஒரே இரவில் போயிற்று. விடியற்காலையில் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்த இலைகள், வெயில் ஏறியதும் வெந்நீரில் போட்ட கீரையாகத் துவண்டு, மறுநாள் கருத்துவிட்டன. அந்த இழப்பு உங்களுக்கு வர வேண்டாம்.

மேட்டுநிலம்:
ஐயா, உங்கள் இழப்பு உண்மையானது. ஆனால் அதிலிருந்து எல்லோருக்கும் எல்லாப் பயிருக்கும் ஒரே தேதியை வகுப்பது சரியல்ல. அந்தப் பழமொழி சமவெளியின் பனிக்கு உரியது. இங்கே உறைபனியைத் தீர்மானிப்பவை மேகமும் காற்றும்தான். வடகிழக்குப் பருவமழையின் மேகம் கலையாத இரவில், டிசம்பர் ஆனாலும் உறைபனி விழாது. வானம் தெளிந்து, காற்று அசையாமல், ஈரப்பதமும் குறைந்த இரவில் நிலத்தின் வெப்பம் மேலே போய்விடுவதால்தான் விழுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஆகவே ஒரே இரவில் ஓடையோர நிலம் வெளுத்துக் கிடக்க, அதற்கு மேலேயுள்ள சரிவு பச்சையாகவே இருப்பதை நாம் பார்க்கிறோம்.

இன்னொன்று: பிப்ரவரி நடுவில் நட்ட கிழங்கு, நான்கு மாதக் கணக்கில், ஜூன் நடுவில்தான் தோண்டலுக்கு வரும். அப்போது தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இலைக்கருகலும் அழுகலும் சேர்ந்து வரும். பனிக்குப் பயந்து மழையில் மாட்டிக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேத்திப்பள்ளம்:
மழைக் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் ஜனவரியில் நட்டுவிட்டுப் பயிரை எப்படிக் காப்பது? விடியற்காலையில் ஸ்பிரிங்ளர் போடலாம் என்பீர்கள். தண்ணீர் உறையும்போது வெளிவிடும் வெப்பம் இலையைக் காக்கும் என்பது உண்மையே. எனினும் பனி உருகி முடியும்வரை நிறுத்தாமல் ஓட வேண்டும். பாதியில் மின்சாரம் நின்றால், நனைந்த இலை மேலும் குளிர்ந்து கேடு கூடிவிடும். முப்பது சென்ட் வைத்திருப்பவர் இரவெல்லாம் கண்விழிக்க முடியுமா? தேயிலைக்குத் தாகைச் செடியை வெட்டி மூடுவதுபோல் கிழங்குப் பாத்தி முழுவதையும் மூடவும் முடியாது.

மேட்டுநிலம்:
கிழங்குக்கு அத்தனை காவல் தேவையில்லை என்பதே என் வாதம். நாம் நடும் தேதியைப் பேசுகிறோம். பனிக்குத் தெரிவதோ முளை வெளியே வரும் தேதி. இந்தக் குளிரில் முளை மண்ணைப் பிளந்து வர மூன்று, நான்கு வாரங்கள் ஆகின்றன. அதுவரை கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. ஜனவரி இரண்டாம் வாரத்தில் நட்டால் பிப்ரவரியில்தான் இலை தலைகாட்டும். அப்போது ஒரு பனி கருக்கினாலும், சில நாள் தாமதத்தோடு அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பீன்ஸ் அப்படியல்ல. அதன் பருப்பும் குருத்தும் மண்ணுக்கு மேலே வந்துவிடுவதால், கருகினால் துளிர்க்க அடியில் ஒன்றும் மிச்சமிராது. பட்டாணிக்கு மண்ணுக்குள் கணு உண்டு. இளஞ்செடி கருகினாலும் பிழைக்கும், பூக்கும் பருவத்தில்தான் அடிபடும். எனவே பீன்ஸ் விஷயத்தில் உங்கள் மாசிக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன்.

புதுத்தோட்டம்:
என் நிலத்தின் கீழ்ப்பாதி ஓடையை ஒட்டியிருக்கிறது. நேற்று விடியற்காலையில் நெஞ்சளவு உயரத்தில் வெப்பமானி 4 டிகிரி காட்டியது. அதையே பாத்தியில் புல்லோடு புல்லாக வைத்தபோது பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விட்டது.

மேட்டுநிலம்:
தரையில் வைத்த அளவையே நம்புங்கள். மேல்பாதியில் இப்போதே கிழங்கை நடுங்கள். முளை வந்த பிறகு, வானம் தெளிந்த மாலைகளில் மண்ணை நனைத்து வையுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகத் தேக்கும்.

கேத்திப்பள்ளம்:
மேல்பாதிக்குச் சம்மதிக்கிறேன். ஓடையோரத்தில் மட்டும், கிழங்கானாலும் சரி, ஜனவரி கடைசி வரை பொறுக்கச் சொல்வேன். அந்த இடத்தில் பனி ஒரு முறையோடு நிற்பதில்லை, இரண்டாம் முறை கருகிய செடி துளிர்த்தாலும் கிழங்கு சிறுத்துவிடும்.