டிஸ்க் விலகியது முதுகில், மரத்துப்போனது கால் கட்டைவிரல். எப்படி?

குட்டியானை டிரைவர்:
ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து 11 வருடமாகக் காய்கறி லோடு அடிக்கிறேன். மூன்று வாரமாக வலது கால் செருப்பு எனக்குத் தெரியாமலே கழன்றுவிடுகிறது. வார் மாட்டும் இடத்தில், கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே, கிள்ளினாலும் உறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் நரம்பு சுருட்டல் என்றார். டாக்டரோ காலை விட்டுவிட்டு முதுகை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கீழ்முதுகில் எல்-4, எல்-5 என்ற எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கியிருக்கிறதாம். எனக்கு முதுகு அவ்வளவாக வலிக்கவே இல்லை. முதுகுக்கும் கட்டைவிரலுக்கும் என்னங்க சம்பந்தம்?

நர்சிங் மாணவி:
அண்ணா, மூளையும் தண்டுவடமும் மைய நரம்பு மண்டலம். அங்கிருந்து கிளம்பும் 12 ஜோடி மூளை நரம்புகளும் 31 ஜோடி தண்டுவட நரம்புகளும் புற நரம்பு மண்டலம். அந்த 31-இல் ஒன்றுதான் உங்களுக்கு மாட்டியிருக்கிறது. பரீட்சைக்குப் படித்தது இவ்வளவுதான், மிச்சத்தை அனுபவம் உள்ளவர்கள் சொல்லட்டும்.

பிசியோ அக்கா:
முதலில் அந்த நரம்பு சுருட்டலை விடுங்கள். அது புடைத்துத் தெரியும் ரத்தக்குழாய். ஊசி போடும்போது "நரம்பு கிடைக்கலை" என்கிறோமே, அதுவும் ரத்தக்குழாய்தான். நம் ஊரில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துக்கொண்டு படுகிற பாடு!

முழங்கையைக் கதவு நிலையில் இடித்திருப்பீர்கள். இடிபட்டது முழங்கை, சுரீரென்பது சுண்டுவிரலில். சுண்டுவிரலிலிருந்து வரும் நரம்பு அந்த இடத்தில் தோலை ஒட்டி ஓடுகிறது. வழியில் எங்கே அடிபட்டாலும் சேதி சுண்டுவிரலிலிருந்து வந்ததாகத்தான் மூளை எடுத்துக்கொள்ளும்.

உங்கள் கதையும் அதுதான், தூரம்தான் அதிகம். தண்டுவடம் இடுப்பின் அடிவரை போவதாகப் பலரும் நினைக்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சுமார் 45 செ.மீ.தான், எல்-1, எல்-2 எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே நரம்பு வேர்கள், அதாவது நரம்புகளின் தொடக்கப் பகுதிகள், மட்டும் கொத்தாகத் தொங்கும். பார்க்கக் குதிரை வால் மாதிரி இருக்கும், மருத்துவத்தில் பெயரும் அதுவே. எல்-5 வேர் வெளியேறுவது எல்-5 எலும்புக்குக் கீழே. அதற்கு முன் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அந்த டிஸ்க்கை ஒட்டித்தான் இறங்கியாக வேண்டும். அங்கே பிதுங்கினால் பெரும்பாலும் நசுங்குவது இந்த வேர்தான்.

கெண்டைக்காலின் வெளிப்பக்கம், புறங்கால், கட்டைவிரல் வரை உணர்வு இதன் வழியாகத்தான் மேலே போகிறது. பாதத்தையும் கட்டைவிரலையும் தூக்கச் சொல்லும் உத்தரவும் இதே வேரில் கீழே வருகிறது. அதனால்தான் வார் இருப்பதும் தெரியவில்லை, செருப்பும் நிற்கவில்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, இரண்டு கட்டைவிரலையும் மேலே தூக்குங்கள். யாரையாவது அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்காலைச் சுத்தியலால் தட்டினால் உங்களுக்குக் கால் நன்றாகவே உதறும், ஏனென்றால் அது முக்கியமாக எல்-4 வேலை. அதை வைத்து ஏமாறக் கூடாது.

வடிவு பாட்டி:
நடுவில் ஒரு சந்தேகம் கண்ணு. போன வருடம் எனக்கு அக்கி வந்தது. முதுகிலிருந்து வலது விலாவைச் சுற்றி நெஞ்சு வரை ஒரே பட்டை, நடுக்கோட்டைத் தாண்டவே இல்லை. குயவர் வீட்டில் காவி எழுதிக்கொண்டேன். அதுவும் இந்தக் கணக்கா?

பிசியோ அக்கா:
அதே கணக்குதான் பாட்டி! சின்னம்மைக் கிருமி நரம்பு வேரின் முடிச்சில் பல வருடம் பதுங்கிக் கிடக்கும். கிளம்பும்போது அந்த வேருக்குச் சொந்தமான தோலில் மட்டும்தான் கொப்புளம் போடும். எந்தத் தோல் எந்த வேருக்கு என்று 1900-இல் ஹென்றி ஹெட், கேம்பல் என்ற இரண்டு மருத்துவர்கள் படம் போட்டதே அக்கிப் பட்டைகளைப் பார்த்துத்தான். காவி எழுதியது இருக்கட்டும், அடுத்த முறை பட்டை தெரிந்த அன்றே டாக்டரிடம் போங்கள். மாத்திரையை முதல் 3 நாளுக்குள் தொடங்குவதுதான் நல்லது.

குட்டியானை டிரைவர்:
செய்து பார்த்தேன் அக்கா. இடது விரல் எவ்வளவு அமுக்கியும் இறங்கவில்லை. வலதை என் மகள் சுண்டுவிரலால் அமுக்கிவிட்டாள். அவளுக்கு ஏழு வயசு.

பிசியோ அக்கா:
அப்படியானால் நாளைக்கே டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் அந்தக் காலில்தான், அதுவரை வண்டி எடுக்காதீர்கள். ஒன்றுக்குப் போவது தடைப்பட்டாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ நாளை வரை பொறுக்க வேண்டாம், ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போங்கள். குதிரை வால் கொத்து மொத்தமும் நசுங்குகிறது என்று அர்த்தம்.

குட்டியானை டிரைவர்:
அதெல்லாம் இல்லை அக்கா. சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். காலை 9 மணிக்கு டோக்கன்.