வெப்பப்புழுக்கமா, வெப்பத்தேக்கமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

அடியிலிருந்து சூடேற்றிய மரத்தரையின்மேல் விரிப்பைப் போட்டால் அதனடியில் மிகும் வெப்பத்துக்கு ‘வெப்பப்புழுக்கம்’ என்னும் சொல்லை நண்பர் முன்மொழிந்திருந்தார். மயிலாடுதுறையின் சித்திரை இரவுகளில் வாழும் எனக்கு அதன் பொருள் உடம்பிலேயே உறைக்கிறது. என் தயக்கத்துக்கும் அதுவே காரணம். புழுக்கம் என்றால் நமக்கு ஈரமும் வியர்வையும் கலந்த வெப்பம். நெல்லைப் புழுக்குவதும் நீரும் ஆவியும் கொண்டுதான். விரிப்பின் அடியிலோ மரம் ஈரத்தை இழந்து சுருங்குகிறது. டொராண்டோவில் மகள் வீட்டில், மார்கழிக் குளிரில், தடித்த கம்பளி விரிப்பை நானே சுருட்டியெடுத்துப் பார்த்தேன். சுற்றிலும் நெருங்கிக் கிடந்த ஓக் பலகைகள் அந்த இடத்தில் மட்டும் என் விரல்நகம் நுழையும் அளவுக்கு விலகியிருந்தன. விரிப்பு வழுக்காமலிருக்க அடியில் போட்ட ரப்பர் வலையின் கட்டங்கள் மெருகின்மேல் மஞ்சளாகப் பதிந்திருந்தன.

ஆகவே ‘வெப்பத்தேக்கம்’ என்பதை முன்வைக்கிறேன். ஆகாயத்தாமரை அடைத்த வாய்க்காலில் தண்ணீர் அடியோடு நின்றுவிடுவதில்லை. அடைப்புக்கு மேற்புறம் மட்டம் உயர, அந்த உயரத்தின் வலுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்து போகும், கடைமடைக்குத்தான் குறையும். தரைக்கடியிலுள்ள சுடுநீர்க் குழாயிலிருந்தோ மின்கம்பியிலிருந்தோ மேலேறும் வெப்பத்துக்கு விரிப்பு அத்தகைய அடைப்பு: மரம் சூடேறுகிறது, அறைக்கு வந்து சேரும் வெப்பம் குறைகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கருவியான சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் அறையின் குளிரை மட்டுமே உணர்ந்து இன்னும் சூட்டைக் கேட்பதால், மரத்தரைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் 27 பாகை செல்சியஸ் வரம்பை விரிப்பின் அடி யாருக்கும் தெரியாமல் தாண்டிவிடுகிறது.

வெப்பத்தைச் சேமித்துவைப்பதோடு இச்சொல் குழம்பாதா என்று கேட்கலாம். ஏங்கு, ஏக்கம்; வீங்கு, வீக்கம் என்பவற்றைப்போலத் தேங்கு என்னும் தன்வினையிலிருந்து வருவது தேக்கம்; தானே நிகழ்வதற்கு அது பொருந்தும். நாமாகச் செய்யும் சேமிப்பைத் தேக்கு என்னும் பிறவினைவழி ‘வெப்பத்தேக்கல்’ எனப் பிரித்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத்தில் ‘area rug’ எனப்படும் விரிப்புக்கு, சொல்லுக்குச் சொல்லாக ‘பரப்பு விரிப்பு’ என்பது வேண்டாம். அங்கே குறிக்கப்படுவது பரப்பளவன்று, அறையின் ஒரு பகுதி. சுவருக்குச் சுவர் ஒட்டுவது ‘முழுவிரிப்பு’, எடுத்துப் போடக்கூடியது ‘தனிவிரிப்பு’ என்றால் வேறுபாடு விளங்கும். தேக்கம் குறைய, ரப்பர் அடிப்பூச்சு இல்லாத மெல்லிய பருத்தி விரிப்பே ஏற்றது. அதற்கு ஜமக்காளம் என்ற சொல் கையிலேயே இருக்கிறது.

கும்பகோணம், திருவாரூர்ப் பக்கத்து உழவர் வழக்கில், அடைப்புக்கு மேல் மட்டம் உயர்வதை மட்டும் சுட்டும் தனிச்சொல் ஏதேனும் இருந்தால் தெரிவியுங்கள். என் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.