விரல் கிளிப் 84, 97 என்று குதிக்கிறது. அவசரம்

பாலைப்பழம்: ஆஸ்பத்திரி விடுதியில் (வார்டில்) நிற்கிறேன். நேற்றுத் துடைத்து வைத்த, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை சதவீதம் என்று காட்டும் விரல் கிளிப்பை இன்று மாட்டினால் 84, 97, அப்புறம் வெறும் கோடு. புதியது வர நாளாகும். என்ன செய்யலாம்?

குளக்கட்டு: முதலில் ஆளைப் பாருங்கள் தங்கச்சி. மூச்சு, நாடி, உதட்டு நிறம் சரியா? விரல் குளிர்ந்திருக்கிறதா, மருதோன்றி, நகப்பூச்சு ஏதும்? உங்கள் விரலில் போட்டுப் பார்த்தீர்களா? எதனால் துடைத்தீர்கள்?

முறிகண்டி_வயர்: கரண்ட் ஏறி இறங்குவதுதான் காரணம். ஸ்டெபிலைசர் போடுங்கள், நின்றுவிடும்.

பனைவடலி: கரண்ட் என்றால் ஈசிஜி கோடும் ஆடியிருக்கும். மொடல், துடைத்த மருந்து, எவ்வளவு நேரம் என்று எழுதாமல் யாரும் உதவ முடியாது. இதை எத்தனை தரம் சொல்வது? கையேட்டில் துப்புரவுப் பக்கம் இருக்கிறது, வாசியுங்கள்.

பாலைப்பழம்: நோயாளி நலம், மற்றக் கிளிப்பில் 98. இது என் விரலிலும் குதிக்கிறது. குளோரின் கரைத்த தண்ணீரில் துடைத்தோம். கிணற்றுத் தண்ணீர்.

குளக்கட்டு: அப்போ கிளிப்தான். அதன் ஒரு பக்கம் சிவப்பு ஒளியும் அகச்சிவப்பும் விடும், மறுபக்கம் வாங்கும். நம் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் விடும் வெள்ளைப் படை தெரியும்தானே? அது கிளிப்பின் அந்த ஒளிக் கண்ணில் பிடித்தால் ஒளி மங்கும். டோர்ச் அடித்துப் பாருங்கள். காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, பிறகு 70 சதவீத ஸ்பிரிட், நன்றாகக் காயட்டும். ஊற வைக்க வேண்டாம். பிளக் முனையில் ஈரம் போனால் பச்சை பிடிக்கும்.

பனைவடலி: எல்லாக் கிளிப்புக்கும் ஸ்பிரிட் ஒத்துவராது. சில ரப்பர் இறுகி வெடிக்கும். கையேடு சொன்னதை மட்டும் செய்யுங்கள்.

வெள்ளைச்சீருடை: அந்தக் கையேடு ஆங்கிலத்தில், அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. துடைப்பது சிற்றூழிய அக்கா. அவவுக்கு யாராவது செய்து காட்டினீர்களா?

பனைவடலி: காட்டுவது பொறுப்புத் தாதியின் வேலை.

வெள்ளைச்சீருடை: இரவில் ஒரு விடுதிக்கு ஒரே தாதி அண்ணா. அழுக்கைக் கழுவாமல் குளோரின் பூசினால் அதன் வலு குறைந்துவிடும் என்பதே பலருக்குத் தெரியாது. கட்டிலுக்குக் கட்டில் போகும், பிறஷர் பார்க்கக் கையில் சுற்றும் கஃப்பை யார் துடைக்கிறார்கள்?

முறிகண்டி_வயர்: ஸ்டெபிலைசரையும் மறக்காதீர்கள்.

பாலைப்பழம்: சரி வந்துவிட்டது. கண்ணில் சுண்ணாம்பு மாதிரி வட்டம் இருந்தது. இப்போ 98, ஆடவில்லை. அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கஃப் துடைக்கப் போகிறோம்.