எதைக் கேட்டாலும் "சரிங்க சாமி" என்கிறார் அம்மா. டாக்டரிடம் உண்மையை எப்படிச் சொல்வது?

நாகலூர்க்காரன்:
அம்மாவுக்கு 61 வயது. முப்பது வருஷம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்தவர். சர்க்கரை வந்து நாலு வருஷமாகிறது. ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து, சேலத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டுகிறோம். கைராசிக்காரர் என்று பெயர், கூட்டமும் அப்படித்தான்.

ஒவ்வொரு தடவையும் அவர் கேட்பது: "மாத்திரை ஒழுங்கா போடறீங்களாம்மா?" அம்மா சொல்வது: "போடறேனுங்க சாமி." ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி, குறையவே இல்லை. அவர் என்ன செய்வார்? கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை 1 மில்லிகிராமிலிருந்து 2 ஆக்கினார், அப்புறம் அதையே இரண்டு வேளையாக்கினார்.

நிஜத்தில் அம்மா ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போட்டிருக்கிறார். சுகர் மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னார்களாம். அரிசி டப்பாவுக்குப் பின்னால் அட்டை அட்டையாகக் கிடந்தது. கோபத்தில் காலையும் இரவும் நானே கையில் கொடுத்து விழுங்க வைத்தேன்.

போன மாதம் டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அன்று மாத்திரை போட்டார், ஆனால் கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருமே என்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. மொத்தம் 20 வளைவு. பாதி இறங்குவதற்குள் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, என்னையே "யாருப்பா நீ" என்றார். முன் சீட்டு அக்கா குமட்டலுக்காக வைத்திருந்த ஆரஞ்சு மிட்டாயை நாலைந்து கொடுத்தார். தெளிந்துவிட்டது. கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்தபோதும் சர்க்கரை 64தான்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே, "சாப்பிடாம யாரு மாத்திரை போடச் சொன்னது?" என்று சத்தம் போட்டார். "தப்புதானுங்க சாமி" என்றார் அம்மா. மாத்திரையை ஒளித்த கதையை நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் முன்னால் அம்மா பொய்க்காரி ஆகிவிடுவாரே. வருகிற செவ்வாய் மறுபடி போகணும். எப்படிப் பேச்சை எடுப்பது? இல்லை, டாக்டரையே மாற்றிவிடலாமா?

செவ்வாய்ப்பேட்டை மருந்துக்கடை:
தம்பி, டாக்டரிடம் சரி சரி என்று தலையாட்டிவிட்டு, என் கடைக்கு வந்து "இது எதுக்குங்க, இதைப் போட்டா சூடுங்களா?" என்று கேட்காத ஆளே கிடையாது. பாதிப் பேர் "பத்து நாளைக்குக் கொடுங்க" என்று சீட்டை மடித்துவிடுவார்கள். உங்கள் அம்மா மட்டும் இல்லை.

பேச்செல்லாம் எதற்கு? மிச்சம் இருக்கிற அட்டை எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டு எடுத்துப் போய் மேஜைமேல் வையுங்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்று அவரே எண்ணிக்கொள்வார்.

அரசு டாக்டர்:
முதலில் ஒன்று. செவ்வாய்வரை காத்திருக்க வேண்டாம். இப்போதைய அளவு, அம்மா முழுசாகப் போடுகிறார் என்று நம்பி ஏற்றியது. இன்றைக்கே கிளினிக்குக்கு போன் செய்து இதைச் சொல்லுங்கள். கிளிமிபிரைடு கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். சாப்பாடு இல்லையென்றால் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரை. இதை நீங்கள் சொன்னால் அம்மா நம்பமாட்டார், டாக்டர் வாயால் வரணும்.

"ஒழுங்கா போடறீங்களா" என்ற கேள்விக்கு ஒரு பதில்தான் உண்டு. "வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போகுது?" என்று கேட்டால் பாட்டிகள் விரல் மடித்துக் கணக்குச் சொல்வார்கள். அதே மாதிரி, "புரிஞ்சுதா?" என்று கேட்காமல், "வீட்ல மருமக கேட்டா எப்படிப் போடணும்னு சொல்வீங்க?" என்று திருப்பிச் சொல்ல வைக்கணும். நான் படித்த காலத்தில் இதற்கு வகுப்பே கிடையாது. 2019-இல் சேர்ந்த எம்பிபிஎஸ் மாணவர்களிலிருந்துதான் பேச்சு, நடத்தை, அறம் எல்லாம் பாடத்திட்டத்தில் வந்தது. 1984-இல் அமெரிக்காவில் பெக்மன், ஃப்ராங்கல் என்ற இருவர் டாக்டர்களின் உரையாடலைப் பதிவு செய்து கேட்டார்கள். நோயாளி பேச ஆரம்பித்து சராசரியாக 18 நொடியில் டாக்டர் குறுக்கே புகுந்திருக்கிறார். கூட்டமான நாளில் நானும் தலை நிமிராமல் எழுதியிருக்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாப்பேட்டை மருமகள்:
சண்டைக்கு வரலைங்க. ஆனால் உள்ளே போனதும் டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, அம்மாவைப் பார்த்தா? என் மாமனார் தறிக்காரர். நானே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் நான் வராதபோது, கால் மரத்துப்போய் மிதி தெரிவதில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்! ஒரு வருஷமாக எங்கள் யாருக்கும் தெரியாது. அட்டைகளை அம்மா கையாலேயே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொட்டினால் அது கோள் சொல்வது.

நாகலூர்க்காரன்:
போய் வந்தோம். போன் செய்த அன்றே, இரவு வேளை மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை அம்மாவே பையை எடுத்து வைத்தார். டாக்டர் ஒவ்வொரு அட்டையாகப் புரட்டிப் பார்த்தார், பேனாவை மூடினார், நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். "ஏம்மா, என்ன பயம்?" கிட்னி கதை, பக்கத்து வீட்டு கதை, பஸ்ஸில் வாந்தி, எல்லாம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை, கஷ்டமாகத்தான் இருந்தது. சேலம் வருகிற நாளில் பஸ்ஸை விட்டு இறங்கி இட்லி வாங்கி, சாப்பிடும்போதுதான் மாத்திரை என்று முடிவானது. டாக்டரை மாற்றவில்லை.

திரும்பும்போது வளைவில் வழக்கம்போல வாந்தி. வாயைத் துடைத்துக்கொண்டே, "போட்ட மாத்திரை வெளியில வந்திருக்குமா, தங்கியிருக்குமா?" என்று கேட்டார். அடுத்த தடவை அவரிடமே கேட்கச் சொல்லியிருக்கிறேன்.